ஒத்திகையில் உடைந்த மனங்கள்

கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருக்கிறதா என்று கேட்கிறாள் அவள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவனுடைய முதுகு மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. இல்லை என்கிறான். விடாமல் கேட்கிறாள். இருக்கிறது என்கிறான். அவள் கை உயர்ந்து அவன் கன்னத்தில் விழுகிறது. அறை என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெல்ல. அதற்குப் பிறகுதான் அந்த ஆணின் முகத்தைப் பார்க்கிறோம். அவன் அவளுடைய கணவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். கணவன் ஒருநாள் உண்மையை ஒப்புக்கொண்டால் எப்படித் தாங்குவது என்று இவனை வைத்துப் பழகிப் பார்க்கிறாள். இன்னும் ஓங்கி அடிக்க வேண்டாமா என்கிறான் அவன். மறுமுறை முயலும்போது அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது.

வோங் கார்-வாய் இயக்கி 2000-ல் வெளிவந்த ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தின் உயிர் இந்த ஒத்திகைகளில்தான் இருக்கிறது. படத்தைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மௌனத்தைத்தான் சொல்வார்கள். மௌனம் உண்டுதான். ஆனால் அந்த இருவரும், சௌவும் திருமதி சானும், நிறையவே பேசிக்கொள்கிறார்கள். பிறர் வேடத்தில் பேசும்போது மட்டும் அவர்கள் மனத்தில் இருப்பது வெளியே வந்துவிடுகிறது.

கதை நடப்பது 1962-ன் ஹாங்காங்கில். 1949-க்குப் பிறகு ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு அது. வோங் கார்-வாயும் ஷாங்காயில் பிறந்து, ஐந்து வயதில் ஹாங்காங் வந்தவர்தான். பத்திரிகைக்காரன் சௌவும் (டோனி லியுங்) கப்பல் நிறுவனமொன்றில் செயலாளராக இருக்கும் திருமதி சானும் (மேகி சியுங்) அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நாளில் குடிவருகிறார்கள். இருவருக்கும் சொந்த வீடு இல்லை, வாடகைக்கு எடுத்த அறைதான். சமையலறை பொது, நடை குறுகல், ராத்திரி பகல் பாராமல் மாஜோங் ஆட்டம். அவனுடைய மனைவியின் முகத்தையோ அவளுடைய கணவனின் முகத்தையோ படம் கடைசிவரை காட்டாது. குரல் கேட்கும், தோள் தெரியும், அவ்வளவுதான்.

அந்த இருவருக்கும் இடையில் தொடர்பு இருப்பதும் பொருள்கள் வழியாகவே தெரியவருகிறது. அவளிடம் இருப்பதைப் போன்ற கைப்பையே அவன் மனைவியிடமும் இருக்கிறது. அவன் கட்டியிருக்கும் டையைப் போலவே அவள் கணவனும் ஒன்று வைத்திருக்கிறான். ஓட்டல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, பை எங்கே வாங்கியது, டை யார் கொடுத்தது என்று சுற்றி வளைத்து விசாரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் புண்படுத்திவிடக் கூடாது என்று இருவரும் எடுக்கும் சிரத்தைதான் அந்தக் காட்சியில் என்னை உலுக்கியது. பிறகொரு நாள் அவன் மனைவிக்குப் பிடித்த சாப்பாட்டை அவள் சாப்பிடுகிறாள். தட்டில் அவன் கடுகு விழுதை வைக்க, காரத்தைப் பொறுத்துக்கொண்டு விழுங்குகிறாள். துரோகம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த விளையாட்டு. தங்களுக்குள்ளும் அப்படித்தான் ஒன்று தொடங்கியிருக்கிறது என்பது அவர்களுக்கு வெகு தாமதமாகத்தான் புரிகிறது.

அவள் தினமும் தூக்குப் பாத்திரத்தோடு படியிறங்கிப் போய் நூடுல்ஸ் வாங்கி வருகிறாள். கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் சியோங்சாம் உடை, கலையாத கொண்டை. நூடுல்ஸ் வாங்கவா இத்தனை அலங்காரம் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் இருவரும் கடந்துபோகும்போதெல்லாம் காட்சி மெதுவாகிறது, ஷிகேரு உமெபயாஷியின் வயலின் எழுகிறது. 1991-ல் வந்த ‘யுமேஜி’ என்ற ஜப்பானியப் படத்துக்காக அவர் அமைத்த இசை அது. இந்தப் படத்துக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும்.

காய்ச்சலில் கிடக்கும் சௌ, எள் பாகு சாப்பிடத் தோன்றுகிறது என்று யாரிடமோ சொல்லிவைக்கிறான். அது காதில் விழுந்து அவள் ஒரு பெரிய பானை நிறையக் கிண்டி, வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிறாள். ஒருவனுக்காகச் செய்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! இன்னொரு முறை, மாஜோங் ஆட வந்தவர்கள் கலையாமல் போக, அவள் அவனுடைய அறையில் இரவு முழுக்கச் சிக்கிக்கொள்கிறாள். இருவரும் சேர்ந்து வாள்வீச்சுத் தொடர்கதை எழுதுகிறவர்கள். தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் வெளியே போகும்போது வேலைக்குப் போய்த் திரும்பியவளாகத் தோன்ற வேண்டும். அதற்காக அவன் மனைவியின் குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். தன் அறைக்குப் போனதும் கடித்த காலிலிருந்து அதைக் கழற்றுகிறாள். வீட்டுக்கார அம்மாள் திருமதி சுன் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. அக்கறையோடுதான், வெளியே சுற்றுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்கிறாள். அவர்களுடைய நெருக்கத்தை முறிக்க அது போதுமானதாக இருந்தது.

கடைசி ஒத்திகை பிரிவுக்கு. அவன் சிங்கப்பூர் போகத் தீர்மானித்துவிட்டான். தெருவில் அவள் கையை விட்டுவிட்டு நடந்து போய்க் காட்டுகிறான். நின்ற இடத்திலேயே அவள் தன் முழங்கையை இறுகப் பற்றுகிறாள். விரல்கள் சதைக்குள் அழுந்துகின்றன. அவ்வளவுதான், உடைந்து அழுகிறாள். இது வெறும் ஒத்திகை என்று அவன் தேற்றும்போது நமக்குத் தெரிந்துவிடுகிறது, உண்மையான பிரிவு இனி வேறெதுவும் இல்லை. டோனி லியுங்குக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. மேகி சியுங்கின் அந்தக் கைக்கும் ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

இருவரும் உடலால் இணையும் காட்சியொன்றையும் வோங் கார்-வாய் படமாக்கினார். பிறகு வெட்டி எறிந்தார். ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் 2022 வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதை உலகின் ஐந்தாவது சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்ததில் அந்தக் கத்திரிக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். 1966-ல் பழைய வீட்டுக்கே திரும்பி வந்திருக்கும் அவளோடு ஒரு சிறுவன் இருக்கிறான். யாருடைய பிள்ளை என்று படம் சொல்வதில்லை. அந்தக் காட்சி மட்டும் வெட்டப்படாமல் இருந்திருந்தால் பையனின் வயதைக் கணக்குப் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்போம். இப்போதோ, சௌவின் மகனாக இருந்துவிடக் கூடாதா என்று நாமே ஆசைப்பட ஆரம்பிக்கிறோம்.