அலைச்சறுக்குப் பலகைக்கு வண்ணம்: எந்த அடுக்கில், எந்த வரிசையில்?

கையால் செய்யப்படும் அலைச்சறுக்குப் பலகைக்கு மூன்று பாகங்கள் உண்டு. நடுவில் எடை குறைந்த நுரைக்கட்டை, அதைப் போர்த்தும் கண்ணாடியிழைத் துணி, துணியை நுரையோடு பிணைத்து இறுக்கும் ரெசின். வண்ணத்தை நுரையின் மேல் பூசலாம், ரெசினுக்குள் கலக்கலாம், பலகை முழுதாக முடிந்தபின் வெளியே அடிக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பலகையின் பிடிப்பும் எடையும், வெயிலை அது தாங்கும் விதமும் வண்ணம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

சென்னைக்கு வெளியே, செம்பரம்பாக்கத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என நீளும் தொழிற்பட்டையில் வண்ணம் பூசுவது பெருந்தொழில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார்களை உருவாக்கி வருகிறது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஏசியன் பெயின்ட்ஸின் ஆலை இயங்குகிறது. ஒரகடத்திலிருந்து கிழக்கே வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் கோவளம் கடற்கரை. அங்கே மூர்த்தி மேகவன் மீனவ இளைஞர்களைக் கொண்டு வளர்த்த அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது; 2013-இல் அலைச்சறுக்கு விழாவும் தொடங்கியது. மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தக் கரையில் விளையாட்டு வேரூன்றிவிட்டது. பலகையைத் தானே செய்து பார்க்க விரும்புவோருக்கு வேண்டிய வண்ண அறிவும் அதே வட்டாரத்தின் ஆலைகளிலும் படகுப் பட்டறைகளிலும் இருக்கிறது.

காரில் வண்ணம் கடைசியில் வருகிறது. இரும்புத் தகட்டைக் கழுவி, பாஸ்பேட் படலம் ஏற்றி, வண்ணத் தொட்டியில் மூழ்கடித்து, மின்சாரத்தால் முதல் பூச்சைப் படிய வைக்கிறார்கள். அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், அதற்கும் மேல் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். ஃபைபர் படகில் வரிசை தலைகீழ். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் பரவிய இந்தப் படகுகளுக்கு, மோல்டின் உட்புறத்தில் முதலில் வண்ணம் கலந்த ஜெல்கோட்டைப் பூசுவார்கள். பிறகுதான் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும். மோல்டிலிருந்து கழற்றும்போது படகு நிறத்தோடு வெளியே வருகிறது. அலைச்சறுக்குப் பலகைக்கு மோல்டு கிடையாது. கையால் செதுக்கிய நுரையிலிருந்து அது வெளிநோக்கி வளர்கிறது. ஆகவே எந்தக் கட்டத்திலும் வண்ணம் சேர்க்க இடம் உண்டு. தவறு செய்யவும் இடம் உண்டு.

நுரையின் மேல் பூசிய வண்ணம் துணியையும் ரெசினையும் தாண்டி எப்படித் தெரிகிறது? கண்ணாடி இழை நிறமற்றது. துணியாக நெய்ததும் அது வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55, காற்றுடையது 1. இந்த வேறுபாட்டால் ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் ஒளி சிதறுகிறது. பாலியெஸ்டர் ரெசினின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட 1.55 என்பதால், ரெசின் ஊறிக் காற்று வெளியேறியதும் இழைக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் ஒளியின் கண்ணில் வேறுபாடு இல்லாமல் போகிறது. பஜ்ஜி வைத்த காகிதம் எண்ணெய் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவுவதாக மாறுவதும் இதே காரணத்தால்தான். சரியாக நனையாத இடம் வெண்திட்டாகத் தெரிந்துவிடும். வேலையின் குறையைக் கண்ணே கண்டுபிடிக்க இயற்கை தந்த வசதி இது.

நுரையில் இரண்டு வகை உண்டு. 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பால்சா மரத்துக்கு மாற்றாகக் கொண்டுவந்த பாலியூரித்தேன் நுரை ஒன்று. மற்றொன்று, நம் ஊரில் தெர்மாகோல் என்று அழைக்கப்படும் பாலிஸ்டைரீன் நுரை. வீட்டில் செய்பவர்களுக்குத் தெர்மாகோல் எளிதில் கிடைக்கும். ஆனால் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். நுரைக்கட்டை கண் முன்னே குழியாக உருகும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின்தான் பொருந்தும். அதன் மேல் தின்னர் கலந்த ஸ்பிரே பெயின்ட்டையும் நேரே அடிக்கக் கூடாது. அந்தக் கரைப்பானும் நுரையைத் தின்னும்.

நுரை மேல் பூசத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. ஸ்பிரே கன்னில் மெல்லிய படலங்களாக அடித்து, ஒவ்வொன்றையும் முழுதாக உலர விட வேண்டும். இங்கே தடிமன்தான் எதிரி. ரெசின் நுரையின் நுண்துளைகளுக்குள் புகுந்து பிடிப்பதால்தான் பலகை ஒரே உடலாக நிற்கிறது. நடுவில் கெட்டியான வண்ணப் படலம் வந்துவிட்டால் ரெசின் வண்ணத்தைப் பிடிக்கும், வண்ணம் நுரையைப் பிடிக்கும். வண்ணத்தின் பிடி வலுவற்றது. அலையில் குதிகால் அழுந்தும் இடத்தில் துணி நுரையைவிட்டுப் பிரிந்து கொப்புளமாக எழும்பும். அடர்ந்த நிறம் வேண்டுமென்று படலம் படலமாக ஏற்றுவதைவிட, அடர்த்தியான நிறமியைக் கொஞ்சமாகப் பயன்படுத்துவது மேல்.

ரெசினுக்குள் நிறம் கலப்பது கடினமான வழி, ஆனால் அழகில் அதை மிஞ்ச வேறில்லை. ஒளி ஊடுருவும் சாயம் கலந்தால் பலகை வண்ணக் கண்ணாடி போன்ற ஆழம் பெறும். ஊடுருவாத நிறம் வேண்டுமானால் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த நிறமிப் பசை சேர்ப்பார்கள். அந்த வெண்பொடியின் ஒளிவிலகல் எண் 2.7 வரை இருப்பதால் ரெசினுக்குள்ளும் ஒளியைப் பலமாகச் சிதறடித்து அடியிலிருப்பதை மறைக்கும். ரெசினில் சேர்க்கும் பசை, அந்த ரெசினுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்த வண்ணத்தை ஊற்றினால் ரெசின் ஒழுங்காக இறுகாது.

பாலியெஸ்டர் ரெசின் தானாக இறுகுவதில்லை. எடையில் 1 முதல் 2 சதவீதம் பெராக்சைடு வகைக் கேட்டலிஸ்ட் சேர்த்ததும் வேதிவினை தொடங்குகிறது. வினையிலேயே வெப்பம் பிறக்கிறது. சென்னைப் பக்கத்து மே மாத வெயிலில் இந்த வினை பாய்ந்தோடும். துணி முழுதும் பரப்பும் முன்பே டப்பாவில் இருப்பது கட்டியாகிவிடலாம். கரி போன்ற சில கறுப்பு நிறமிகள் அதே வினையைத் தாமதப்படுத்தும். சூரிய ஒளியால் இறுகும் ரெசின் வகையிலோ, ஊடுருவாத நிறம் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் அடிப்பகுதி ஈரமாகவே நின்றுவிடும். ஆகவே நிறமியை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து, சிறு துண்டுத் துணியில் சோதித்து, கடைசியில்தான் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்குத் தேவையானதை ஒரே முறையில் கலக்க வேண்டும். இரண்டாம் முறை கலக்கும் நிறம் முதல் நிறத்தோடு ஒத்துப்போவது அரிது.

பலகையின் விளிம்பில் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஊடுருவும் சாயம் அங்கே இரட்டிப்பாகிக் கரும்பட்டையாகத் தெரியும். கைதேர்ந்தவர்கள் மாஸ்கிங் டேப் ஒட்டிய கோட்டின் மேல், ரெசின் பாதி இறுகிய நேரம் பார்த்துக் கத்தியால் அறுத்து, அந்தப் பட்டையையே நேர்கோடுள்ள அலங்காரமாக மாற்றிவிடுகிறார்கள். அறுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்குக் கைப்பழக்கம் ஒன்றே ஆசிரியர்.

எபாக்ஸிக்கு வேறொரு தொல்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால், அதன் ஹார்ட்னரில் உள்ள அமீன் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் பிசுபிசுப்பான படலமாகப் படியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நேரும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு மேற்பரப்பெங்கும் பரவிவிடும். அதன்மேல் எந்த வண்ணமும் நிற்காது.

வெளியே அடிக்கும் வண்ணம் மூன்றிலும் எளிது. இறுகிய பலகையை உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் வண்ணப் பேனாவால் வரையலாம், ஸ்பிரே செய்யலாம். மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் தேய்த்து எடுத்துவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆனால் மணலும் பாறையும் முதலில் கீறுவது இந்த வண்ணத்தைத்தான். கார் ஆலையின் கிளியர் கோட் 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுடப்படுவது; நுரைப் பலகை அந்தச் சூட்டில் அழிந்துவிடும். டிங்கரிங் பெயின்டிங் பட்டறைகளில் அடிக்கும் இரு பாகப் பாலியூரித்தேன் பூச்சு அறை வெப்பத்திலேயே இறுகும் என்பதால் பலகைக்குப் பொருந்தும்.

கோவளத்து வெயிலில் கறுப்பு, கருநீல நிறங்கள் பலகைக்கு ஆகாது. இருண்ட மேற்பரப்பின் வெப்பம் கோடையில் 60 டிகிரியைத் தாண்டும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி பலவும் அந்த அளவிலேயே இளகத் தொடங்கும். நுரைக்குள் அடைபட்ட காற்றும் விரிந்து துணியை வெளியே தள்ளும். பலகைகளில் வெண்மை மிகுந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். அடர்நிறம் வேண்டுவோர் அதை அடிப்பக்கத்திலும் விளிம்புக் கோடுகளிலும் வைத்துக்கொள்ளலாம். வெளிறாத நிறங்களாகத் தேர்வதும் முக்கியம். தாலோசயனைன் நீலமும் பச்சையும், இரும்பு ஆக்சைடின் செங்காவியும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மலிவான கரிமச் சிவப்பும் ஒளிரும் நிறங்களும் விரைவில் மங்கும்.

இரு பாகப் பூச்சில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலில் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. துணி முகக்கவசமோ தூசுக் கவசமோ அதைத் தடுக்காது. காற்றைத் தனியே தரும் முகமூடி உள்ள பட்டறையில் கொடுத்து அடிப்பதே நல்லது. பாலியெஸ்டர் ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ரெசின் இல்லாமல் நேரே கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைக்க வேண்டும்.

மிச்சமும் கவனம் கேட்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட, சென்னையின் முக்கியக் குடிநீர் ஆதாரம். அதன் நீர்ப்பிடிப்பு முழுதும் கால்வாய்களும் ஓடைகளும் கொண்டது. ஆகவே மீந்த ரெசினைக் கேட்டலிஸ்ட் கலந்து டப்பாவிலேயே கட்டியாக்கிய பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும். தேய்த்த தூளைக் கூட்டி அள்ளிப் பையில் கட்ட வேண்டும். பிரஷ் கழுவிய தின்னரை மூடிவைத்துத் தெளியவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்; தெருக் கால்வாயில் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.