ஒரே மூச்சில் படிப்பதற்கல்ல!

புத்தகக் காட்சிக்குச் சென்று திரும்பும் நண்பர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. 'சிறுகதைத் தொகுதி வாங்கினேன். ஏழெட்டுக் கதைகளுக்கு மேல் நகரவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன' என்பார்கள். குறை பெரும்பாலும் கதைகளில் இல்லை. நாவலைப் படிக்கும் வேகத்தில் தொகுதியையும் படிப்பதில்தான் இருக்கிறது.

தமிழில் சிறுகதை பத்திரிகைகளோடு சேர்ந்து வளர்ந்த வடிவம். 'மணிக்கொடி'யிலோ 'கலைமகளி'லோ ஒரு கதையைப் படித்த வாசகர், அதே எழுத்தாளரின் அடுத்த கதைக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருந்தார். அதற்குள் முதல் கதை அவர் மனத்தில் ஊறியிருக்கும். தொகுதி இந்த இடைவெளியை அழித்துவிடுகிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய இரண்டும் 1943-இல் வெளிவந்தவை. முன்னது, துணிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் நோயாளி மனைவி சென்னையில் மெல்ல மடிவதைச் சொல்வது. பின்னது, கடவுளையே சென்னை வீதிக்கு இறக்கி வேடிக்கை பார்ப்பது. முதல் கதையின் கனம் இறங்குவதற்குள் அடுத்ததைத் திறந்தால் இரண்டுக்கும் அநீதி செய்தவராவோம். நாளுக்கு ஒரு கதை போதும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் அளவு. நீண்ட கதையானால் மறுநாளும் விடுமுறைதான்.

தனி ஆசிரியர் ஒருவரின் தொகுதியில் வேறொரு வசதியும் உண்டு. கதைகள் கால வரிசையில் அமைந்திருந்தால், எழுத்தாளர் மாறுவதை நாம் கண்ணால் காணலாம். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுப்பு அப்படி அமைந்தது. 1934-இல் வந்த 'பொன்னகர'த்தையும் 1948-இல் வந்த 'கயிற்றரவை'யும் அதில் அடுத்தடுத்த நாள்களில் வாசித்துப் பாருங்கள். நகரத்து வறுமையைச் சீற்றத்தோடு சுட்டிய அதே பேனா, பதினான்கு ஆண்டுகளில் காலம் என்றால் என்ன என்று கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது புரியும். எந்தத் திறனாய்வு நூலும் இதை இவ்வளவு எளிதாகக் காட்டிவிட முடியாது.

பலர் எழுதிய கதைகளை ஒருவர் தொகுப்பது வேறு வகை. அங்கே தொகுப்பாளரும் ஓர் ஆசிரியரே. இது நமக்குப் புதிதன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் அனைத்தும் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். பாடிய புலவர்கள் யாரும் இந்த எண்ணை அறிந்திருக்க மாட்டார்கள். தொகுத்த உருத்திரசன்மனின் கைவண்ணம் அது. பாதிப் பாடல்கள் பிரிவைப் பேசுபவை என்ற எண்ணத்தோடு அந்நூலுக்குள் நுழைகிறோம் என்றால், அந்த எண்ணத்தைத் தந்ததில் தொகுப்பு முறைக்கும் பங்குண்டு.

1970-இல் தொடங்கப்பெற்ற 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, பத்திரிகைகளில் வரும் கதைகளிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டையும் ஆண்டுத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. அத்தொகுப்புகளை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். மகா கதைகள் மட்டுமே அவற்றில் இருந்தன என்பதனால் அல்ல. ஓர் ஆண்டில் தமிழர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பதை அவற்றில் காண முடிந்தது என்பதனால். பெயரே கேள்விப்படாத எழுத்தாளர், எல்லோரும் அறிந்தவருக்கு அடுத்த பக்கத்தில் சமமாக அமர்ந்திருப்பார்.

இதற்கு நேர்மாறானது கல்லூரிப் பாடத்துக்கென்று தயாராகும் தொகுப்பு. நம் பட்டதாரிகளில் பலர் வாழ்நாளில் படிக்கும் ஒரே கதைத் தொகுப்பு அதுவாகவே இருந்துவிடுகிறது என்பதால், இதை அலட்சியமாக விட்டுவிட இயலாது. பழைய தொகுப்பில் இருந்த கதையைப் புதிய தொகுப்பாளரும் எடுக்கிறார். அவரிடமிருந்து மற்றொருவர் எடுக்கிறார். ஓர் எழுத்தாளருக்கு ஒரு கதை என்று முத்திரை விழுந்துவிடுகிறது. கு. அழகிரிசாமி என்றால் 'ராஜா வந்திருக்கிறார்', அசோகமித்திரன் என்றால் 'புலிக்கலைஞன்'. இரண்டும் அருமையான கதைகள்தாம். ஆனால் அசோகமித்திரனுக்கு 1996-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'அப்பாவின் சிநேகிதர்' தொகுதியைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்? சூடாமணியும் அம்பையும் 'பெண் எழுத்து' என்ற ஒதுக்கீட்டில் ஓர் இடம் பெறுவதோடு நின்றுவிடுவதும் இப்படித்தான்.

ஆகவே ஒரு தொகுப்பைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பொருளடக்கத்தையும், ஒவ்வொரு கதையும் எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்ற குறிப்பையும்தான். முன்னுரையைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். எதை ரசிக்க வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். விட்டுப்போனவர் யார் என்ற கேள்வியும் கதைகளைப் படித்து முடித்த பிறகுதான் பொருளோடு எழும்.

அந்த இதழ்க் குறிப்பு பல தொகுதிகளில் இல்லாதிருப்பது எளிதாய்க் கடந்து போகக்கூடிய குறையன்று. 1950-இல் எழுதப்பட்ட கதையை நேற்று எழுதியதாக எண்ணிக் கோபப்படும் வாசகரையும், நேற்று எழுதியதைப் பழங்கதை என்று மன்னிக்கும் வாசகரையும் நான் சந்தித்திருக்கிறேன். கதைக்கு ஒரு வரி. பதிப்பாளருக்கு அதனால் அரைப் பக்கம்கூடக் கூடுதலாகச் செலவாகாது.