இருட்டில் நிறம் பார்க்கும் பட்டறை

புதுக்கோட்டைப் பக்கம் ஆவூர் வட்டாரத்தில் மட்டுமில்லை, பல ஊர்களிலும் கொல்லுப்பட்டறை இருட்டாகத்தான் இருக்கும். தாழ்ந்த கூரை, சன்னல் கிடையாது. வசதிக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது தொழிலின் தேவை. உலையின் சூட்டை அளக்கக் கொல்லரிடம் கருவி ஏதுமில்லை. இரும்பின் நிறத்தை வைத்தே கணிக்கிறார். நல்ல வெயிலில் பழுத்த இரும்பின் செம்மை கண்ணுக்கு மங்கிவிடும்.

சம்மட்டி, குறடு, பட்டறைக்கல், வெட்டிரும்பு எல்லாம் தெரிந்தவைதான். ஆட்டுத்தோல் துருத்தி போய்ச் சக்கரம் வந்தது, இப்போது மோட்டார் ஊதுகிறது. அரிவாளுக்குப் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. வியப்பெல்லாம் தோய்ச்சலில் இருக்கிறது.

சுமார் 800 டிகிரி செல்சியஸில் சிவந்த கத்தியின் வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார். வாய் கெட்டியாகிவிடும். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி போலச் சில்லு பெயரும். உடனே வெளியே எடுத்துக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்க, பளபளப்பின் மேல் நிறங்கள் ஓடுகின்றன: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரி, நீலம் 300. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பின் மேல் படிய வைக்கும் படலம் தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பியனுப்பும் ஒளி கலப்பதால் நிறம் பிறக்கிறது; படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. கத்தியை மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும். அடிவாங்கும் வெட்டிரும்பை ஊதா வரை விட வேண்டும். அதிரசப் பாகு போலத்தான், கொஞ்சம் அசந்தால் பதம் தப்பிவிடும்.

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். பட வேண்டியதுதான். அந்தப் பெருமையில் ஒரு பங்கு இன்று உலை மூட்டுகிறவருக்கும் சேர வேண்டாமா? கதிர் அரிவாளின் வேலையை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதைத் தடுக்க முடியாது. முனை மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சி அடிக்கக் கொடுக்காமல் பழைய இரும்புக்குப் போடுவது அப்படியல்ல, அது நம் அலட்சியம்.

புதுக்கோட்டைப் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்கள் சிலரை வெப்பமானியோடு இந்தப் பட்டறைகளுக்கு அனுப்பலாம். கொல்லர் ‘போதும்’ என்று சொல்லும் நிறம் உளிக்கு எத்தனை டிகிரி, கோடரிக்கு எத்தனை, அரிவாளுக்கு எத்தனை என்று அவர் பக்கத்திலிருந்தே குறித்துவைக்கலாம்.