சிப்பியின் முதுகில் ஒரு குடி

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் பழுப்புச் சிப்பி பாறைகளில் தானாக விளைவது. 1970-களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதன் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, பருத்தி வலைத்துணியால் பொதிந்து, மிதவையிலிருந்து கடலில் தொங்கவிட்டார்கள். துணி சில நாளில் மட்கிவிடும். அதற்குள் சிப்பி தன் காலிலிருந்து பட்டிழை போன்ற நூல்களை விட்டுக் கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். என்ன பிடிமானம்!

ஆனால் கடலில் எந்த இடமும் வெறுமையாகக் கிடப்பதில்லை. சிப்பி கயிற்றைப் பிடித்தால், சிப்பியைப் பிடிக்கக் கொட்டலசு என்னும் சிற்றுயிர் வருகிறது. கடுகைவிடச் சிறிய அதன் குஞ்சு, குடியேறும் பருவத்தில் இரை தின்னாது. இரண்டு உணர்கொம்புகளால் ஓட்டின்மேல் நடந்து, தொட்டுத் தொட்டு இடம் பார்க்கும். மனசுக்குப் பிடித்துவிட்டால் தலையை ஒட்டிக்கொள்ளும். நனைந்த ஓட்டில் நம் பசை நிற்காது. இதன் பசையோ கடல்நீருக்குள்ளேயே இறுகுகிறது. பிறகு ஆயுள் முழுக்கத் தலைகீழாக இருந்து, இறகு போன்ற ஆறு ஜோடிக் கால்களால் இரையை வாரித் தின்னும். இந்தச் சின்ன உயிருக்காக டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார். அதில் எனக்கு வியப்பே இல்லை.

சிப்பிக்கு இது பாரம். இருவருக்கும் இரை ஒன்றே, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள். சிப்பியை வலைக்கூண்டில் வளர்க்கும்போது பாசியும் கடற்பஞ்சும் கூண்டின் கண்களை அடைத்தால் நீரோட்டம் குறையும், இரையும் குறையும். ஓட்டின் விளிம்பில்தான் சிப்பி வளர்கிறது. அங்கே கொட்டலசு உட்கார்ந்தால் ஓடு கோணலாகும், வாயைத் திறந்து மூடுவதும் பாடாகும். அதனால்தான் வளர்ப்பவர்கள் சிப்பியை எடுத்துக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி இறக்குகிறார்கள்.

1973-இல் அதே நிலையத்தார் தூத்துக்குடியில் முத்து விளைவித்துக் காட்டினார்களே, அந்த முத்துச்சிப்பிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சில புழுக்களும் ஒருவகைக் கடற்பஞ்சும் ஓட்டையே துளைத்து உள்ளே போகும். சிப்பியால் ஓட முடியாது. துளை உடலை நெருங்கும் இடத்தில், உள்ளிருந்து மெல்லிய முத்துப்பூச்சை அடுக்கடுக்காகப் பூசி அடைக்கிறது. வளரச் செலவாக வேண்டிய சத்து, காயத்தை மூடுவதில் போகிறது. முத்தைப் போர்த்துவதும் இதே பூச்சுதான். படைத்தவன் அதற்குக் கொடுத்த மருந்தும் அணியும் ஒன்று!

அப்படிப்பட்ட ஓடு கிடைத்தால் உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புழு துளைத்த இடம் கொப்புளம்போல் மேடிட்டிருக்கும். விரலால் தடவினால் மற்ற இடத்தைப் போலவே வழவழப்பு, அதே வானவில் மினுக்கம்.