குடிசையைக் காத்த காகிதம்

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அப்போதே நாடு இரண்டாகப் பிரிந்தது. வங்காளமும் இரண்டானது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போனது. இன்று அது வங்காளதேசம் என்னும் தனி நாடு.

கிழக்கு வங்காளத்தில் வாழ்ந்த இந்துக் குடும்பங்கள் பல, உயிருக்கு அஞ்சிக் கிளம்பின. வீட்டை விட்டன. வயலை விட்டன. கையில் ஒரு மூட்டையோடு ரயில் ஏறின. கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்தில் வந்து இறங்கின. பலருக்கு நடைமேடையே வீடானது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மேற்கு வங்கத்தில் சுமார் 21 லட்சம் அகதிகள் இருந்தார்கள்.

இத்தனை பேர் எங்கே தங்குவது? அரசு முகாம்கள் போதவில்லை.

இரவில் எழுந்த குடிசைகள்

நகரின் தெற்கே யாதவ்பூர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ராணுவ முகாம் இருந்தது. போர் முடிந்ததும் அது காலியாகக் கிடந்தது. அகதிகள் அங்கே குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கு பிஜோய்கர் என்று பெயர் வைத்தார்கள். வெற்றிக் கோட்டை என்று பொருள்.

பிறகு வேறு காலி நிலங்களிலும் காலனிகள் எழுந்தன. மூங்கிலும் கோரைப் பாயும் கொண்டு இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். நிலக்காரரின் அடியாட்கள் வந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடி வருவார்கள்.

காலனிக் கமிட்டி

ஒவ்வொரு காலனியிலும் ஒரு கமிட்டி இருந்தது. அங்கே குடியிருந்தவர்களே அதை நடத்தினார்கள். நிலத்தை அளந்து குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே நிலத்தைக் கட்டாக் கணக்கில் அளப்பார்கள். ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. நம் கணக்கில் ஒன்றரை சென்டுக்குச் சற்று அதிகம்.

கமிட்டி பாதை போட்டது. குழாய்க் கிணறு அமைத்தது. பள்ளிக்கூடம் தொடங்கியது. பிஜோய்கரில் 1950-ல் கல்லூரியே வந்துவிட்டது.

இன்னொரு வேலையும் இருந்தது. அதுதான் முக்கியமானது. யாருக்கு எந்த உதவி உண்டு? எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்? மனுவில் என்ன எழுத வேண்டும்? இதையெல்லாம் கமிட்டியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தார். 1950 ஆகஸ்டில் பல அமைப்புகள் கூடி, ஐக்கிய மத்திய அகதிகள் பேரவையை உருவாக்கின.

சட்டம் வந்தது

1951-ல் மேற்கு வங்க அரசு ஒரு சட்ட மசோதா கொண்டு வந்தது. பிறர் நிலத்தில் குடியேறியவர்களை வெளியேற்ற அது வழி செய்தது. அகதிகள் ஊர்வலம் போனார்கள். கூட்டம் போட்டார்கள். மசோதா திருத்தப்பட்டது.

திருத்திய சட்டம் என்ன சொன்னது? 1950 டிசம்பர் 31-க்குள் குடியேறிய அகதியைச் சும்மா வெளியேற்ற முடியாது. முதலில் அரசு மாற்று இடம் தர வேண்டும். அந்த இடம் அவர் பிழைப்புக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. தான் அகதி என்று காட்ட வேண்டும். எப்போது குடியேறினார் என்றும் காட்ட வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். அகதிப் பதிவுச் சீட்டு, ரேஷன் அட்டை போன்ற காகிதங்கள் அப்போதுதான் கைகொடுத்தன. மூட்டையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டு ஒரு குடிசையைக் காத்தது.

முன்பே இருந்தவர்கள்

அந்தப் பகுதிகளில் பழைய குடிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் துன்பம் வந்தது. 1950 கலவரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல வீட்டை விட்டு ஓடின. காலியான வீடுகளில் அகதிகள் குடியேறினார்கள். 1950 ஏப்ரலில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 1950 டிசம்பர் 31-க்குள் திரும்பி வருபவருக்கு அவருடைய வீட்டையும் நிலத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றது அது.

பாருங்கள். இருவருக்கும் ஒரே கெடு நாள். இருவருமே வீடு இழந்தவர்கள். விவரம் தெரியாதவர் இரு பக்கத்திலும் நஷ்டப்பட்டார். ஆகவே ஆலோசனை என்பது வந்தவருக்கு மட்டும் போதாது. முன்பே இருந்தவருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் வீடு பெற இன்னொருவர் தெருவுக்கு வருவார்.

எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை. காலனிகளில் படித்த நடுத்தரக் குடும்பங்களே அதிகம். ஏழை உழவர்கள் பலர் முகாம்களிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் நாமசூத்திரர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் நிறையப் பேர். 1958-ல் தண்டகாரண்யத் திட்டம் தொடங்கியது. அவர்களில் பலர் மத்திய இந்தியக் காட்டுப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். காலனிக்காரர்களோ நகரிலேயே காலூன்றினார்கள். 1950-க்குள் எழுந்த 149 காலனிகளை அரசு பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டது. 1980-களின் பிற்பகுதியில் முழு உரிமைப் பட்டாவும் கிடைக்கத் தொடங்கியது. மனு எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இவ்வளவு வேறுபாடு!

நம் பக்கத்தில்

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கப்பட்டது. அகதிகளே அதில் பணி செய்தார்கள். முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறவும் அது உதவியது. சான்றிதழ் இல்லாத குழந்தை எந்த நாட்டுக் குழந்தை என்று எப்படிக் காட்டுவது?

இன்று மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கலவரத்தாலோ வெள்ளத்தாலோ பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். நகல் எடுத்து வையுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் என்னென்ன சான்றுகள் உள்ளன? எங்கே வைத்திருக்கிறீர்கள்?

2. உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த குடும்பம் எது? அவர்களுக்கு ரேஷன் கடையைக் காட்டியது யார்?

3. எழுதத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கு நீங்கள் ஒரு மனு எழுதிக் கொடுக்க முடியுமா? முயன்று பாருங்கள்.