கறுப்புத் திரையில் சர்வரை ஆள்வது எப்படி?

மவுஸ் பிடித்தே பழகியவர்களுக்கு, கறுப்புத் திரையும் அதில் கண் சிமிட்டும் கர்சரும் சற்று மிரட்சி தரலாம். ஆனால் டேட்டா சென்டர்களில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்களுக்குப் பெரும்பாலும் தனி மானிட்டரோ மவுஸோ கிடையாது. எங்கோ இருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு, நம் வீட்டிலிருந்தே கட்டளைகளை டைப் செய்து அனுப்புகிறோம்.

இதற்கு உதவுவது எஸ்.எஸ்.ஹெச். டெல்நெட் என்ற பழைய முறையில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாக நெட்வொர்க்கில் பயணம் செய்யும். வழியில் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடு போனதை அடுத்து, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995-ல் எஸ்.எஸ்.ஹெச்.சை உருவாக்கினார். இது அனைத்தையும் பூட்டி அனுப்புகிறது.

சர்வருக்குள் நுழைந்ததும் கர்சருக்கு முன்னால் ஒரு சிறு வரி தோன்றும். இதற்கு பிராம்ப்ட் என்று பெயர். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. முதலில் உங்கள் யூசர் பெயர், பிறகு அட் குறி, அடுத்து சர்வரின் பெயர், பின் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்ற விவரம். கடைசியில் டாலர் குறி இருந்தால் நீங்கள் சாதாரண யூசர். ஹேஷ் குறி இருந்தால் ரூட், அதாவது சர்வ அதிகாரமும் உங்கள் கையில். என்டர் தட்டும் முன் இந்த வரியைப் படியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். டிபி1, டிபி2 என இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். இரண்டாவதில் உள்ள பழைய ஃபைல்களை அழிக்க நினைத்த இன்ஜினியர், முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைத் தந்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் எஞ்சியது 4.5 ஜி.பி.தான். கமாண்ட் லைனில் அழித்தால் ரீசைக்கிள் பின் கிடையாது!

பேக்கப் இருக்குமே என்கிறீர்களா? டேட்டாபேஸ் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் புரோகிராமோ 9.2. ஒத்துப்போகாததால் பேக்கப் பல நாட்களாகவே தோல்வி. அதை அறிவிக்கும் இ-மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட் விவரங்களும் 700 புதிய யூசர் கணக்குகளும் போனது போனதுதான்.

சரி, நீங்கள் பழக சர்வர் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும் டபிள்யூ.எஸ்.எல். வசதி உள்ளது. பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் உபுண்டு லினக்ஸ் தயார். அதில் "சூடோ ஆப்ட் அப்டேட்", பிறகு "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சர்வர்" எனத் தந்தால் டேட்டாபேஸும் வந்துவிடும். "சூடோ மரியாடிபி" என்றால் உள்ளே நுழையலாம்.

இங்கே ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியுடன் முடிய வேண்டும். மறந்தால் அம்புக்குறி ஒன்று தோன்றிக் காத்திருக்கும். கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அரைப்புள்ளி இட்டு என்டர் தட்டினால் போதும்.

மளிகைக் கடைக் கணக்கு என்று ஒரு டேபிள் வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரை நீக்க "டெலீட்" கட்டளை தருகிறீர்கள். யாரை என்று சொல்லும் "வேர்" பகுதியை விட்டுவிட்டால் எல்லா வாடிக்கையாளர்களும் காலி. எனவே அதே "வேர்" பகுதியுடன் முதலில் "செலக்ட்" தந்து, எந்த வரிகள் வருகின்றன என்று பாருங்கள். அடுத்து "ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்" தந்த பிறகு அழியுங்கள். எத்தனை வரிகள் அழிந்தன என்று திரை சொல்லும். எண் சரியாக இருந்தால் "கமிட்". இல்லாவிட்டால் "ரோல்பேக்", பழையபடி திரும்பிவிடும். ஆனால் முழு டேபிளையே நீக்கும் "டிராப் டேபிள்" கட்டளைக்கு இந்தச் சலுகை இல்லை.

"வேர்" இல்லாத டெலீட்டைத் தடுக்க "--சேஃப்-அப்டேட்ஸ்" என்ற ஆப்ஷனுடன் உள்ளே நுழையலாம். இதற்கு "--ஐ-ஆம்-எ-டம்மி" என்று இன்னொரு பெயரும் உண்டு. வேடிக்கையல்ல, அப்படியே டைப் செய்தாலும் வேலை செய்யும்!

பேக்கப்புக்கு "மரியாடிபி-டம்ப்" கட்டளை. எடுத்த ஃபைலைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். காலியான இன்னொரு டேட்டாபேஸை உருவாக்கி, அந்த ஃபைலை அதில் ஏற்றி, "செலக்ட் கவுண்ட்" மூலம் இரண்டிலும் வரிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்த ஃபைலை பென் டிரைவில் காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம்.