திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்



மூன்று வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று 103, 104 டிகிரி காய்ச்சல். தொண்டை சிவந்திருக்கிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. வாயில் சிறு புண்கள். ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கிறார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விடுகிறது. மருந்து கேட்டது என்று வீட்டார் ஆறுதலடைகிறார்கள். நான்கு வாரம் சென்றதும் அதே காய்ச்சல், அதே தொண்டை வலி, அதே மருந்து. வருடத்தில் இப்படிப் பத்துத் தடவை. கண்ணேறு என்கிறார் பாட்டி. ஐஸ் கொடுத்திருப்பீர்கள் என்கிறார்கள் அண்டை வீட்டார். தாயோ தன்மேல்தான் குறை என்று கலங்குகிறாள்.

குறை அவள்மேல் இல்லை. இந்தக் காய்ச்சலைக் குறித்து நாம் அறிந்துகொள்வது அநேக வீடுகளுக்கு உதவியாயிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளிக்காய்ச்சல் வருவது இயல்பே. அதில் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், வரும் நாளுக்கு ஒழுங்கு இராது. நம் நாட்டில் மலேரியா, காசநோய், டைபாய்டு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றையும் மறக்கக்கூடாது. வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். ஆகவே இரத்தமும் சிறுநீரும் சோதித்து, இவை இல்லை என்று அறிந்த பின்பே அடுத்த படிக்குப் போகிறோம்.

கிருமி எதுவும் அகப்படவில்லை; காய்ச்சலோ மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை, காலண்டர் பார்த்து வருவதுபோல் வருகிறது; இடையில் பிள்ளை நன்றாக உண்டு, விளையாடி, வளர்ந்து வருகிறது. அப்பொழுது மருத்துவர் நினைப்பது 'பி.எஃப்.ஏ.பி.ஏ.' என்னும் நோயை. 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் மார்ஷலும் உடன் மருத்துவர்களும் 12 பிள்ளைகளைக் கண்டு இதை முதன்முதல் விவரித்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும்.

இதில் நடப்பது என்ன? நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவல் இருக்கிறது. திருடன் வந்தால் குரைக்க வேண்டிய நாய், யாரும் வராமலே குரைத்து வீட்டை எழுப்புவதுபோல, அந்தக் காவல் காரணமின்றிக் கிளர்ந்தெழுகிறது. அதனால் காய்ச்சலும் வீக்கமும் உண்டாகின்றன. இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஆன்டிபயாடிக் இதைத் தீர்ப்பதில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாகவே விட்டது, பெயரோ மருந்துக்குப் போயிற்று.

காய்ச்சல் தொடங்கியதும் மருத்துவர் ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் சிலருக்கு அடுத்த காய்ச்சல் சீக்கிரமாய் வரும். காசநோய் போன்றவை இருந்தால் அம்மருந்து தீங்கு செய்யும். எனவே கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. டான்சில் அறுவை சிகிச்சையும் உண்டு. 2007-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அறுவை செய்யப்பட்ட 14 பிள்ளைகளும் ஆறு மாதத்தில் காய்ச்சலின்றி இருந்தார்கள். செய்யப்படாத 12 பேரிலும் ஆறு பேர் தாமாகவே சுகமடைந்திருந்தார்கள். ஆம், வயது ஏறும்போது பெரும்பாலான பிள்ளைகளை இந்நோய் தானே விட்டுப் போகிறது. பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

எல்லாக் காய்ச்சலும் இவ்வளவு சாதுவானதல்ல. துருக்கியர், அர்மேனியர், யூதர், அரபியர் நடுவே அதிகமாய்க் காணப்படும் பரம்பரை மத்தியதரைக் காய்ச்சல் ஒன்று உண்டு. ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சலோடு கடும் வயிற்று வலி, நெஞ்சு வலி, மூட்டு வீக்கம் வரும். கவனியாமல் விட்டால் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகம் கெடும். 1972 முதல் இதற்குக் கோல்சிசின் என்னும் மருந்து தினமும் கொடுக்கப்பட்டு, அநேகருடைய சிறுநீரகம் காக்கப்பட்டு வருகிறது. நமது மாநில மலராகிய செங்காந்தளிலும் இதே கோல்சிசின் இருக்கிறது. அதன் விதைக்காகவே தமிழ்நாட்டில் பயிரிடுகிறார்கள். ஆனால் அதன் கிழங்கு கொடிய விஷம். கைவைத்தியமாய் ஒருபோதும் தொடாதிருங்கள்.

இத்தனை நோய்களையும் பிரித்தறிய உதவும் முதல் கருவி விலையுயர்ந்த இயந்திரம் அல்ல. ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். காய்ச்சல் வந்த தேதி, எத்தனை டிகிரி, எத்தனை நாள், தொண்டை, வாய்ப்புண், நெறி, தடிப்பு, வயிற்று வலி, கொடுத்த மருந்து ஆகியவற்றைத் தாய் மூன்று, நான்கு மாதம் எழுதி வந்தால், மருத்துவருக்கு ஒழுங்கு கண்ணில் படும். காய்ச்சலின்போது ஒன்றும், சுகமாயிருக்கும்போது ஒன்றுமாக இரத்தப் பரிசோதனை செய்தால் இன்னும் தெளிவாகும்.

ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், பால் குடிக்க மறுத்தல் இவற்றில் எது கண்டாலும் நோட்டுப் புத்தகத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உங்கள் சபையிலும் இப்படிக் களைத்துப்போன ஒரு தாய் இருக்கக்கூடும். அடுத்த முறை அவளைச் சந்திக்கும்போது ஆலோசனைகளை அடுக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "தேதியைக் குறித்து வா அம்மா, உன் பிள்ளை சுகமாகும் காலம் உண்டு" என்று சொல்லுங்கள்.